உங்கள் உச்ச வேகம் எவ்வளவு?

பள்ளியில் ஓட்டப் பந்தயங்களில் கலந்துகொள்ளும் மாணவர் ஒருவரிடம், "நீ எவ்வளவு வேகமாக ஓடுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "நூறு மீட்டர் 13 விநாடி, சார்" என்று உடனே பதில் வரும். பதிலைச் சற்று உற்றுக் கவனித்தால், கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று என்பது புரியும். நாம் கேட்டது வேகம். அவர் சொன்னது நேரம். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படியே வகுத்து, விநாடிக்கு 7.7 மீட்டர் என்று விடை எழுதினாலும் அது சராசரி வேகமே. புறப்படும் கணத்தில் அந்த மாணவரின் வேகம் பூச்சியம். நடுவழியில் அது 7.7 மீட்டரைத் தாண்டியிருக்கும். கடைசியில் சற்றுக் குறைந்தும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் எதையும் "13 விநாடி" என்ற ஒற்றை எண் நமக்குச் சொல்வதில்லை.

ஒருவர் தம் கால்களால் எட்டக்கூடிய மிகப் பெரிய வேகத்தை உச்ச வேகம் என்போம். விரைவோட்டத்தில் ஒருவருடைய திறமையை அறிய இதைவிட முக்கியமான அளவு வேறில்லை எனலாம். ஆனால் நம் பள்ளிகளில் மிக அரிதாகவே இது அளக்கப்படுகிறது.

ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓடும் மாணவர்களின் உச்ச வேகத்தை முறையாக அளக்க வேண்டும். அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆண்டு முழுவதும் அதைத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும் என்பது என் கருத்து. ஏதோ ஒரு நாள் காலையில் ஒரே ஒரு முறை விசில் ஊதி, ஒரே ஒரு முறை கடிகாரத்தை அழுத்தி, கிடைத்த எண்ணைக் கொண்டு ஒரு பிள்ளையை "ஓடத் தெரிந்தவன்" என்றும் இன்னொரு பிள்ளையை "இவனுக்கு ஓட்டம் வராது" என்றும் பிரித்துவிடுவது அறிவியலும் அன்று, நியாயமும் அன்று. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பெர்லின் ஓட்டம் சொல்லும் பாடம்

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் பெர்லின் நகரில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியில் ஜமைக்கா நாட்டு வீரர் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். இந்த ஓட்டத்தை ஆய்வாளர்கள் இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. அடுத்தடுத்த 20 மீட்டர்களுக்கு முறையே 1.75, 1.67, 1.61, 1.66 விநாடி. ஐந்தையும் கூட்டிப் பாருங்கள், 9.58 வரும்.

இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும். முழு ஓட்டத்துக்கும் சராசரி வேகம் விநாடிக்கு 10.44 மீட்டர். 60ஆவது மீட்டருக்கும் 80ஆவது மீட்டருக்கும் இடையே அவருடைய வேகமோ விநாடிக்கு 12.42 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 44.7 கிலோமீட்டர். நகரத் தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிளின் வேகம்! சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே விநாடிக்கு இரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசி 20 மீட்டரில் அவருடைய வேகம் 12.05 ஆகக் குறைந்துவிட்டது. "போல்ட் கடைசியில் வேகத்தைக் கூட்டி எல்லாரையும் முந்துகிறார்" என்று தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் நூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதியில் எல்லாருடைய வேகமும் குறைகிறது. குறைவாகக் குறைபவர் முந்துவதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பிரித்து அளந்ததால்தான் இந்த உண்மை வெளிப்பட்டது.

ஒரே நேரம், இரண்டு விதமான ஓட்டம்

உலகச் சாம்பியனை விட்டு நம் பள்ளித் திடலுக்கு வருவோம். வள்ளி, மல்லி என்று இரண்டு மாணவிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் 100 மீட்டரைச் சரியாக 14.0 விநாடியில் ஓடுகிறார்கள். முடிவுப் பட்டியலில் இருவரும் சமம். பட்டியலைப் படிப்பவருக்கு இருவரும் ஒரே மாதிரி ஓட்டக்காரர்கள்.

ஆனால் நாம் பிரித்து அளக்கிறோம். வள்ளி முதல் 30 மீட்டரை 4.8 விநாடியிலும், அதற்கடுத்த 20 மீட்டரை 2.60 விநாடியிலும் ஓடுகிறாள். மல்லிக்கு முதல் 30 மீட்டருக்கு 5.2 விநாடி ஆகிறது. அடுத்த 20 மீட்டரை அவள் 2.45 விநாடியில் கடந்துவிடுகிறாள். எனவே வள்ளியின் உச்ச வேகம் விநாடிக்கு சுமார் 7.7 மீட்டர். மல்லியின் உச்ச வேகம் சுமார் 8.2 மீட்டர்.

இப்போது இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது சரியாகுமா? மல்லிக்குத் தேவை புறப்பாட்டுப் பயிற்சி. குனிந்து புறப்படும் முறையையும் முதல் பத்து அடிகளில் தரையை உதைக்கும் முறையையும் அவள் கற்றுக்கொண்டால் நேரம் விரைவில் குறையும். வள்ளியோ நன்றாகப் புறப்படத் தெரிந்தவள். அவள் உயர்த்த வேண்டியது உச்ச வேகத்தை. "14 விநாடி" என்ற எண் இருவரையும் ஒரே திரையால் மூடிவிட்டது. மருத்துவர் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா?

கடிகாரத்தை அழுத்தும் விரல்

இதுவரை கடிகாரம் காட்டும் நேரம் சரியானது என்றே வைத்துக்கொண்டு பேசினோம். அது எவ்வளவு சரியானது?

பந்தயம் தொடங்கும் இடத்தில் ஆசிரியர் விசில் ஊதுகிறார். முடிவுக் கோட்டில் நிற்பவர் விசில் ஓசை கேட்டதும் கடிகாரத்தை ஓடவிடுகிறார். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். நூறு மீட்டர் கடந்து ஓசை அவர் காதை அடைய 0.29 விநாடி ஆகிறது. அதற்குள் ஓட்டக்காரர் புறப்பட்டிருப்பார். கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்குவதால் 14.0 விநாடி ஓட்டம் 13.7 விநாடி என்று பதிவாகிவிடும். பெரிய போட்டிகளில் கையால் நேரம் அளப்பவர்கள் துப்பாக்கியின் ஓசைக்குக் காத்திராமல், அதன் புகையையோ ஒளியையோ பார்த்துக் கடிகாரத்தை அழுத்துவது இதனால்தான். பள்ளியில் விசிலோடு ஒரு கொடியையும் சட்டெனக் கீழே இறக்கினால் இந்தப் பிழை தீர்ந்துவிடும். செலவு ஒன்றுமில்லை.

கொடியைப் பார்த்து அழுத்தினாலும் வேறொரு பிழை எஞ்சியிருக்கிறது. கொடி இறங்குவதைக் கண் கண்டு, மூளை அறிந்து, விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். தொடக்கம் இப்படித் தாமதமாகிறது. முடிவிலோ அந்தத் தாமதம் அவ்வளவு இருப்பதில்லை. ஓட்டக்காரர் கோட்டை நெருங்கி வருவது முன்கூட்டியே தெரிவதால், விரல் தயாராக இருந்து சரியான கணத்தில் அழுத்திவிடுகிறது. தொடக்கத்தில் தாமதம், முடிவில் தாமதமின்மை. ஆகவே கையால் அளந்த நேரம் உண்மை நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். கையால் அளந்த 100 மீட்டர் நேரத்தைத் தானியங்கிக் கருவியின் நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் இதனால் ஏற்பட்டது. 400 மீட்டருக்கு 0.14 விநாடி கூட்டுவார்கள்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் நம் நாட்டு மில்கா சிங் நான்காவதாக வந்தார். கையால் அளந்த அவருடைய நேரம் 45.6 விநாடி. தானியங்கிக் கருவி காட்டிய நேரம் 45.73. மேலே சொன்ன 0.14ஐ 45.6 உடன் கூட்டிப் பாருங்கள். 45.74 வருகிறது! ஒரே மனிதர் ஓடிய ஒரே ஓட்டம். அளக்கும் முறையால் இரண்டு எண்கள். 1977ஆம் ஆண்டு முதல் 400 மீட்டர் வரையுள்ள ஓட்டங்களில் உலகச் சாதனைக்குத் தானியங்கி நேரம் மட்டுமே ஏற்கப்படுகிறது.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அவருடைய நேரம் 55.42, மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. அங்கே நூற்றில் ஒரு பங்கை நம்பலாம், ஏனெனில் அளந்தது தானியங்கிக் கருவி. நம் பள்ளியில் விரலால் அழுத்தி, கடிகாரத் திரையில் தெரியும் இரண்டு தசம இடங்களையும் அப்படியே எழுதி, 13.42 ஓடியவனைச் சேர்த்துக்கொண்டு 13.47 ஓடியவனைத் திருப்பி அனுப்பினால் அதை எப்படி நம்புவது? விரலின் தடுமாற்றமே 0.1 விநாடி இருக்கும்போது 0.05 விநாடி வேறுபாட்டுக்குப் பொருளே கிடையாது. திரை காட்டும் எல்லா இலக்கங்களும் உண்மை என்று நினைப்பது, எண்களைப் பற்றிய ஒருவகை மூடநம்பிக்கை.

காந்தமும் கம்பிச்சுருளும்

அப்படியானால் ஓட்டக்காரரின் வேகத்தை எப்படித்தான் அளப்பது? இந்தக் கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னரே எழுப்பி, அழகான விடையும் கண்டவர் ஆங்கில உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர் இவர். 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இவர் ஓட்டக்காரர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்.

ஓட்டப் பாதையின் ஓரத்தில் குறிப்பிட்ட தூரங்களில் கம்பிச்சுருள்களை நிறுத்திவைத்தார். ஓடுபவரின் உடலில் காந்தமாக்கிய சிறிய எஃகுத் தகடு ஒன்றைக் கட்டிவிட்டார். காந்தம் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது சுருளில் கணநேரம் மின்னோட்டம் தூண்டப்பட்டது. கால்வனாமீட்டரின் அசைவு அதைப் பதிவு செய்தது. ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான். உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். அழுத்துவதற்கு விரல் இல்லை. எனவே விரலின் பிழையும் இல்லை.

புறப்பட்டதும் வேகம் சரசரவென்று ஏறுகிறது, பிறகு ஏற்றம் மெல்ல மெல்லத் தணிகிறது, கடைசியில் வேகம் ஏறக்குறைய மாறாத நிலையை அடைகிறது என்பது அந்தப் பதிவுகளிலிருந்து தெரியவந்தது. இயற்பியல் மொழியில் சொன்னால், முடுக்கம் தொடக்கத்தில் மிகுதியாக இருந்து குறைந்துகொண்டே வந்து பூச்சியமாகிறது. முடுக்கம் பூச்சியமாகும் இடத்தில் வேகம் உச்சத்தில் இருக்கிறது. போல்ட் போன்ற வீரர்கள் இந்த நிலையை 60 மீட்டருக்குப் பிறகு அடைகிறார்கள். பள்ளி மாணவர்கள் இதற்கு வெகு முன்னதாகவே அடைந்துவிடுவார்கள்; பெரும்பாலோருக்கு 30, 40 மீட்டர் ஓட்டமே போதும்.

இன்று காந்தத்துக்குப் பதிலாக ஒளிமின்கலக் கதவுகள் வந்துவிட்டன. ஓடுபவர் ஒளிக்கற்றையைக் குறுக்கிடும் கணத்தைக் கருவி தானே பதிவு செய்கிறது. லேசர் துடிப்புகளை ஓடுபவரின் முதுகில் பட்டுத் திரும்பச் செய்து தூரத்தை அளக்கும் கருவிகளும் உண்டு. இவை விலை மிகுந்தவை. ஆனால் இவை இல்லாமலும் நம்மால் நன்றாக அளக்க முடியும்.

பள்ளித் திடலில் செய்து பாருங்கள்

தேவையானவை அளவு நாடா, சுண்ணாம்புப் பொடி, நான்கு கொம்புகள், நிறுத்துக் கடிகாரம் அல்லது ஆசிரியரின் கைப்பேசி. முதலில் நேரான பாதை ஒன்றில் 30 மீட்டர் அளந்து ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி இரண்டாவது கோடு. அதற்கப்பால் வேகம் தணிந்து நிற்பதற்கு இன்னும் 20 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். எதிரே சுவரோ கிணறோ இருக்கக் கூடாது. ஓடுபவர் உடலை நன்கு சூடேற்றிக்கொண்ட பின், முதல் 30 மீட்டரில் முழு வேகத்துக்கு வந்து, இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள 20 மீட்டரை அதே வேகத்தில் கடக்க வேண்டும். அந்த 20 மீட்டருக்கு ஆகும் நேரத்தை மட்டும் அளக்கிறோம்.

ஏன் 20 மீட்டர்? 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு 10 மீட்டர் கடக்க 1.25 விநாடி. கையால் அளப்பதில் 0.1 விநாடி பிழை நேர்ந்தால் அது நூற்றுக்கு 8 பங்கு. 20 மீட்டருக்கு 2.5 விநாடி, பிழை நூற்றுக்கு 4 பங்காகக் குறைகிறது. 60 மீட்டர் வைத்துக்கொண்டால் பிழை இன்னும் குறையும். ஆனால் அவ்வளவு தூரம் உச்ச வேகம் நிலைக்காது, கிடைப்பது மறுபடி சராசரியாகிவிடும். இரண்டுக்கும் இடையே ஒரு சமரசம்தான் 20 மீட்டர்.

இந்த முறையில் கிடைக்கும் வேறொரு நன்மையைப் பாருங்கள். கடிகாரத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒரே மாதிரிச் செயல்கள். இரண்டிலும் ஓடுபவர் ஒரு கோட்டை நெருங்கிக் கடப்பதைப் பார்த்தே அழுத்துகிறோம். ஆகவே விரலின் தாமதம் இரு முனைகளிலும் ஏறக்குறையச் சமமாக இருந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எஞ்சுவது தற்செயலான தடுமாற்றம் மட்டுமே.

அளப்பவர் எங்கே நிற்பது? பாதையின் ஓரத்தில் நின்றால் இரண்டு கோடுகளையும் சாய்வாகப் பார்க்க வேண்டியிருக்கும். இடமாறு தோற்றப் பிழை வந்துவிடும். இதற்கு வடிவியல் உதவுகிறது. 20 மீட்டர் பகுதியின் நடுவிலிருந்து பாதைக்குச் செங்குத்தாக 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்களுக்கும் பாதைக்கும் சரிபாதித் தூரத்தில், பாதைக்கு இணையாக, 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கொம்புகளை நடுங்கள். ஒத்த முக்கோணங்களின்படி முதல் கொம்பு முதல் கோட்டையும், இரண்டாவது கொம்பு இரண்டாவது கோட்டையும் உங்கள் கண்ணுக்குச் சரியாக மறைக்கும். மீதி இரண்டு கொம்புகளைப் பாதையின் மறுபக்கத்தில் கோடுகளின் நேரே நட்டு, சரியாக மறைகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஓடுபவரின் மார்பு கொம்பைக் கடக்கும் கணத்தில் அழுத்துங்கள். தலையும் கையும் கணக்கில் சேரா. பந்தய விதியும் அதுவே.

கைப்பேசி இருந்தால் அதை உங்கள் இடத்தில் ஆடாமல் நிறுத்திப் படம் பிடியுங்கள். சாதாரணமாக அது விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. இரண்டு கொம்புகளுக்கும் இடையே எத்தனை படங்கள் என்று எண்ணி 30ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். ஒரு படத்துக்கு 0.033 விநாடி, பிழை நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குள் அடங்கிவிடுகிறது. மெதுவாகக் காட்டும் முறையில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசிகளும் உண்டு. அவற்றில் ஒரு படத்துக்கு 0.004 விநாடிதான். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுத்துக் கடிகாரம் ஒன்றையே படம் பிடித்து, விநாடிக்கு உண்மையில் எத்தனை படங்கள் என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கருவியைச் சரிபார்க்காமல் பயன்படுத்துவது ஆய்வுக்கூட ஒழுங்கு அன்று.

செயற்கைக்கோள் வழி தூரம் காட்டும் கைக்கடிகாரங்களை இதற்கு நம்ப வேண்டாம். நெடுந்தூர ஓட்டத்துக்கு அவை நல்ல துணை. ஆனால் அவற்றில் பல விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கின்றன. ஒரு விநாடியில் நீங்கள் 8 மீட்டர் போய்விடுகிறீர்கள். குறிக்கும் இடத்திலும் சில மீட்டர் பிழை உண்டு. இரண்டரை விநாடி நிகழ்ச்சியை அவை என்னவென்று அளக்கும்?

படம் பிடித்ததில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 20 மீட்டரில் எத்தனை அடிகள் வைத்தீர்கள் என்று எண்ணலாம். வேகம் என்பது ஓரடியின் நீளத்தை ஒரு விநாடியில் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. பெர்லினில் போல்ட் 100 மீட்டரையும் ஏறக்குறைய 41 அடிகளில் கடந்தார். சராசரியாக ஓரடி 2.4 மீட்டருக்கும் மேல். உங்கள் வேகம் கூடும்போது, அடி நீண்டதால் கூடியதா, அடிகள் விரைவானதால் கூடியதா என்று கண்டுபிடித்து எழுதிவையுங்கள்.

ஒரு நாள் அளந்தால் போதாது

ஒரு நாளில் மூன்று முறை ஓடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையே ஐந்து நிமிடமாவது ஓய்வு வேண்டும். 2.52, 2.46, 2.49 என்று மூன்று நேரங்கள் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதை எழுதுவது? பலரும் மிகச் சிறந்ததான 2.46ஐ எழுதுவார்கள். இதில் ஒரு சூது இருக்கிறது. பிழை ஒரு முறை உங்களுக்குச் சாதகமாகவும் ஒரு முறை பாதகமாகவும் வரும். மூன்று முறை ஓடியவரைவிடப் பத்து முறை ஓடியவருக்குச் சாதகமான பிழை ஒன்று கிடைக்க வாய்ப்பு அதிகம். அவருடைய "சிறந்த நேரம்" அவருடைய வேகத்தால் வந்ததா, அளவையின் அதிர்ஷ்டத்தால் வந்ததா? எனவே எப்போதும் மூன்றே முறை ஓடி, மூன்றையும் எழுதி, நடுவில் உள்ள மதிப்பை எடுத்துக்கொள்வதே நல்லது. இங்கே அது 2.49.

ஆறு வாரம் கழித்து நடு மதிப்பு 2.47 வருகிறது. முன்னேற்றமா? அவசரப்படாதீர்கள். முதல் நாளிலேயே உங்கள் நேரங்கள் 2.46க்கும் 2.52க்கும் இடையே ஆடின. அந்த ஆட்டத்துக்குள் அடங்கும் மாற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. பின்னடைவு என்று வருந்தவும் தேவையில்லை. 2.40 வந்தால், அடுத்த முறையும் அதையொட்டியே வந்தால், அப்போது மகிழுங்கள். ஒரு வரைபடத்தாளில் கிடை அச்சில் நாளையும் செங்குத்து அச்சில் வேகத்தையும் குறித்து வாருங்கள். நான்கைந்து புள்ளிகள் விழுந்த பிறகு கோட்டின் போக்கே உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

ஒவ்வொரு முறையும் சூழ்நிலை ஒன்றாக இருக்கட்டும். அதே பாதை, அதே நேரம், அதே காலணி அல்லது வெறுங்கால். காற்றைக் கவனியுங்கள். பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று வீசினால் 100 மீட்டர் ஓட்டத்தின் நேரத்தை உலகச் சாதனையாக ஏற்பதில்லை. நம்மிடம் காற்றுமானி இல்லாவிட்டால் ஒரு துணிக்கொடி கட்டி, அது அசையாத வேளையில் ஓடலாம்.

வரைபடத்தில் வேகத்தோடு உங்கள் உயரத்தையும் குறிக்கச் சொல்வேன். 12 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையே உடல் விரைந்து வளர்கிறது. பெண்களுக்கு இந்த வளர்ச்சி ஆண்களைவிடச் சராசரியாக ஈராண்டு முன்னதாகவே தொடங்குகிறது. ஒரே வகுப்பில், ஒரே வயதில், ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். அடுத்தவன் இன்னும் சிறுவனாகவே இருப்பான். இன்று இருவரையும் ஓடவிட்டால் முன்னவன் வெல்வான். அது திறமையா, முந்தி வந்த வளர்ச்சியா என்று ஒரு நாள் அளவீடு சொல்லாது. இரண்டாண்டு வரைபடம் சொல்லும். பள்ளி அணிக்கும் விளையாட்டு விடுதிக்கும் ஆள் எடுக்கும் நாளில் தோற்று, "நமக்கு இது வராது" என்று ஓட்டத்தையே விட்டுவிடும் பிள்ளைகளில் எத்தனை பேர் வெறுமனே தாமதமாக வளர்பவர்கள்! அவர்கள் இழப்பது ஒரு பதக்கத்தை மட்டுமன்று. சிலருக்கு அது ஒரு படிப்பையும் வேலையையும் பெற்றுத் தரக்கூடிய வாய்ப்பு.

சிலர் சொல்லும் மறுப்பு

"அறுபது மாணவர்களுக்கு ஒரே உடற்பயிற்சி ஆசிரியர், கையில் ஒரே கடிகாரம், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவருடைய சுமையைக் கூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். பள்ளி அறிவியல் மன்றத்தில் ஆறு பேர் சேர்ந்தால் போதும். இருவர் கோடுகளைப் பார்க்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, இருவர் ஓடுபவர்களை வரிசைப்படுத்தலாம். ஒரு மாலையில் பத்துப் பேரை அளந்துவிடலாம்.

"அனுபவமுள்ள பயிற்சியாளர் பார்த்த மாத்திரத்தில் நல்ல ஓட்டக்காரரைக் கண்டுகொள்வார், எண்கள் எதற்கு?" என்பது இன்னொரு மறுப்பு. அனுபவக் கண்ணை நானும் மதிக்கிறேன். முழங்கால் உயர்கிறதா, தோள் இறுகுகிறதா என்பதைக் கண்தான் காணும், கடிகாரம் காணாது. ஆனால் ஆறு வாரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேகம் கூடியதா என்பதைக் கண் காணாது. கண்ணும் கடிகாரமும் ஒன்றுக்கொன்று துணை.

"எண்களைக் காட்டினால் மெதுவாக ஓடுபவர்கள் மனம் சோர்ந்துவிடுவார்கள்" என்று அஞ்சுபவர்களும் உண்டு. பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். எனவே ஒட்ட வேண்டாம். வரைபடம் அவரவர் நோட்டில் இருக்கட்டும். அதில் ஒருவர் போட்டியிடுவது ஆறு வாரத்துக்கு முந்தைய தம்மோடு மட்டுமே. பந்தயத்தில் ஒருவர்தான் முதலில் வர முடியும். தம் வரைபடத்தில் ஏறுமுகம் காண்பது வகுப்பில் எல்லாருக்கும் இயலும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம், "நீ எவ்வளவு வேகமாக ஓடுவாய்?" என்று கேட்டால், "என் உச்ச வேகம் விநாடிக்கு 8.0 மீட்டர், பிழை 0.1 மீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். ஜூன் மாதத்தில் 7.6 இருந்தது" என்று சொல்லுங்கள். கேட்டவர் சற்றுத் திகைப்பார். அதன் பிறகு யாரும் ஒரே ஒரு விசிலைக் கொண்டு உங்களை எடைபோட்டுவிட முடியாது. வரும் சனிக்கிழமை மாலையே நாடாவையும் சுண்ணாம்புப் பொடியையும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள்.